நாயும் புலியும்: வைக்கும்போது பார்க்க வேண்டியவை, பாயும்போது தவிர்க்க வேண்டியவை

நாயும் புலியும் ஆட உட்கார்ந்தால் பிள்ளைகள் எல்லோருக்கும் புலிதான் வேண்டும். மூன்றே காய், ஆனால் பாயும், வெட்டும், தளம் முழுக்க ஓடும். நாய்ப் பக்கத்துக்கு 15 காய் இருந்தும் அவற்றுக்குப் பாயத் தெரியாது. ஒவ்வொன்றாக இறங்கி, ஒவ்வொரு அடியாக நகர்ந்து, கடைசியில் மூன்று புலியையும் அசைய இடமில்லாமல் அடைக்க வேண்டும். அதனால் நாய்ப் பக்கம் எப்போதும் இளையவனுக்கோ, புதிதாக வந்தவனுக்கோ தள்ளப்படுகிறது. இது தலைகீழான பழக்கம். புலியை யாரும் ஒரு நாளில் ஓட்டப் பழகிவிடலாம். நாயை ஒழுங்காக வைக்கத் தெரிந்தவர்தான் ஆட்டக்காரர். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி நாய்ப் பக்கத்துக்கானது என்பதற்கு அதுவே காரணம்.

தமிழ்நாட்டில் ஆடுபுலி ஆட்டம் என்று சொல்வதும் இதைத்தான். அங்கே ஆடு, இங்கே நாய். மற்றபடி தளமும் காயும் ஒன்று. நேபாளத்தில் இதன் உறவு ஒன்று உண்டு, பாக்சால் என்று பெயர்: 4 புலி, 20 ஆடு, 25 புள்ளி. இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக வேலை பார்த்த ஹென்றி பாக்கர், 1909இல் வெளிவந்த ‘ஏன்ஷியன்ட் சிலோன்’ என்ற நூலில் இந்த நாட்டுத் தள விளையாட்டுகளைப் பற்றியும் எழுதினார். சிங்கள ஊர்களில் ஆடிய ‘ஹத் திவியன் கெளிய’ என்ற ஏழு சிறுத்தை ஆட்டமும், அவர்கள் ‘தெமள திவியன் கெளிய’ என்று அழைத்த தமிழர்களின் சிறுத்தை ஆட்டமும் அதில் வருகின்றன. நம் காட்டில் இருப்பதும் சிறுத்தைதான். குமண பக்கம் போனால் இன்றைக்கும் காணலாம்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை என்று நம் பக்கத்தில் இந்த ஆட்டத்துக்கு இடம் தேட வேண்டியதில்லை. வயல் காவல் வாடியில் இரவு கழிக்க ஆடலாம். கரைவலை இழுத்து முடிந்து மீன் பிரிக்கும்வரை ஈர மணலில் ஆடலாம். நோன்பு கால இரவில் தராவீஹ் முடிந்து வந்து விறாந்தைச் சீமெந்தில் கரித்துண்டால் கீறி ஆடலாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து கரையோர வீடுகளை அள்ளிக்கொண்டு போனபோது அந்த விறாந்தைகளும் போயின. ஆனால் இந்த ஆட்டத்துக்கு விறாந்தை கட்டாயமில்லை. ஒரு குச்சியும் 18 காயும் போதும்.

தளம் கீறும்போது

முதலில் உயரமான ஒரு முக்கோணம் கீறுங்கள். அதன் உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு இன்னும் இரண்டு கோடு இழுங்கள். இப்போது உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள் 4. இவற்றுக்குக் குறுக்கே மூன்று கிடைக்கோடு போடுங்கள். அந்தக் கோடுகள் முக்கோணத்துக்கு வெளியே இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றின் இடது நுனிகளையும் மேலிருந்து கீழாக ஒரு கோட்டால் சேருங்கள். வலது நுனிகளையும் அப்படியே சேருங்கள். தளம் தயார்.

கீறி முடித்ததும் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். உச்சியில் 1, கிடைக்கோடு ஒவ்வொன்றிலும் 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23. எண்ணிக்கை பிசகினால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது, அல்லது கிடைக்கோடு முக்கோணத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. திருத்தாமல் தொடங்கவேண்டாம்.

இந்தக் கட்டுரைக்காக வரிகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாக உச்சி, மேல்வரி, நடுவரி, கீழ்வரி, அடிவரி. இரு பக்கத்திலும் நிற்பவை பக்கக்கோடுகள்.

கோடுகளை நேராகக் கீறுங்கள். புலி நேர்கோட்டில்தான் பாயும். வளைந்த கோட்டில் இது நேரா, அது நேரா என்று வாய்ச்சண்டை வரும். மணலில் ஆடுவதானால் அலை நனைத்த ஈர மணலைத் தேர்ந்தெடுங்கள். காய்ந்த மணலில் கச்சான் காற்றுக்கு நாலு நகர்வுக்குள் கோடு அழிந்துவிடும்.

காய்க்குப் புளியங்கொட்டை, சோகி, சிப்பி, உடைந்த ஓடு என்று எதையும் எடுக்கலாம். புலிக்கு மட்டும் கண்ணுக்குச் சட்டென்று தெரிகிற பெரிய கல்லாக எடுங்கள். குன்றிமணியைக் காயாக வைக்க வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் அதன் பருப்பு கொடிய நஞ்சு. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு மணி உருண்டு போனாலும் அதைத் தேடி எடுக்கும்வரை நிம்மதி இராது.

காய் வைக்குமுன் பேசி முடிக்க வேண்டியவை

அடிப்படை எங்கும் ஒன்றுதான். புலி 3, நாய் 15. முதலில் நாய்கள் தளத்தில் இல்லை. நாய்ப் பக்கம் ஒரு காய் வைக்கும், புலிப் பக்கம் ஒரு நகர்வு செய்யும், இப்படி மாறி மாறிப் போகும். 15 நாயும் இறங்கும்வரை தளத்தில் நிற்கும் நாய் எதுவும் நகரக்கூடாது. அதன் பிறகு நாயும் கோட்டின் வழியே ஒரு புள்ளி நகரலாம். புலி எப்போதும் ஒரு புள்ளி நகரலாம், அல்லது பக்கத்து நாயைத் தாண்டி நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் அங்கே பாய்ந்து அந்த நாயை வெட்டலாம். இரண்டு நாய் அடுத்தடுத்து நின்றால் பாய முடியாது. புலியைப் புலி தாண்டாது. மூன்று புலியும் அசைய முடியாமல் போனால் நாய்க்கு வெற்றி.

ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுகிற சில விஷயங்கள் உண்டு. சண்டை எல்லாம் இவற்றில்தான் வரும். முதல் காய் விழுமுன் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

- புலிகள் எங்கே தொடங்கும்? உச்சியில் ஒன்று, மேல்வரியின் நடு இரண்டு புள்ளியில் இரண்டு என்பது பரவலான வழக்கம். புலியையும் ஆட்டக்காரர் விரும்பிய இடத்தில் ஒவ்வொன்றாக இறக்கும் வழக்கமும் உண்டு.
- வெட்டுவது கட்டாயமா? கட்டாயமில்லை என்று வைத்துக்கொள்வதே ஆட்டத்துக்கு நல்லது.
- ஒரு முறையில் ஒரு வெட்டா, தொடர்ந்து பாயலாமா? ஒன்று என்பதே பொருத்தம். தொடர் பாய்ச்சல் விட்டால் நாய்ப் பக்கம் தலைதூக்க முடியாது.
- எத்தனை நாய் வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி? பாக்சாலில் 5. நம் 15 நாய்க்கும் 5 அல்லது 6 சரியாக இருக்கும். எல்லா நாயும் தீரும்வரை ஆடுவது வீண் நேரம்.
- ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்தால்? மூன்று முறை வந்தால் சமன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமன் என்றால் முகம் சுளிக்க வேண்டாம். பாக்சாலைக் கணினியில் முழுக்க அலசிய லிம் இயூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள், இரு பக்கமும் பிழையே விடாமல் ஆடினால் அந்த ஆட்டம் சமனில்தான் முடியும் என்று நிறுவினார்கள். அவர்களுடைய கட்டுரை 2009இல் நூலில் வந்தது. அங்கே புலியின் கை ஓங்கியிருப்பதாகத் தோன்றுவது தோற்றம் மட்டுமே.

நாய்ப் பக்கம்: செய்ய வேண்டியவை

*கோடு முடிகிற புள்ளியில் தொடங்குங்கள்.* நாயை வெட்ட, அதற்கு ஒரு பக்கம் புலியும் மறுபக்கம் காலிப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் வேண்டும். கோடு முடிகிற இடத்தில் மறுபக்கம் என்று ஒன்று இல்லை. இந்தத் தளத்தில் எந்தப் புலியாலும் எந்தக் காலத்திலும் வெட்ட முடியாத புள்ளிகள் 7 இருக்கின்றன: உச்சி, மேல்வரியின் இரு நுனி, கீழ்வரியின் இரு நுனி, அடிவரியின் இரு நுனி. உச்சியில் புலி குந்தியிருக்கும். மிச்சம் 6. உங்கள் முதல் ஆறு நாயும் அங்கேதான் போக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதி ஆட்டம் கைக்குள் வந்துவிடும்.

*அடுத்து, நுனிகளுக்கு நடுவே நிரப்புங்கள்.* நடுவரியின் நுனி பக்கக்கோட்டின் நடுவில் நிற்கிறது. மேலே அல்லது கீழே ஒரு மூலையில் உங்கள் நாய் இருந்தால் அங்கே வைக்கும் நாயை யாராலும் தொட முடியாது. அடிவரியின் உள்புள்ளி இரண்டும் அப்படித்தான். பக்கத்து நுனி உங்களுடையதாக இருந்தால் போதும். இத்தோடு 10 நாய் இறங்கிவிட்டது. ஒன்றுக்கும் ஆபத்தில்லை.

*பிறகுதான் உள்ளே போகவேண்டும், அதுவும் கீழிருந்து மேலே.* உள்புள்ளி ஒவ்வொன்றிலும் இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும். இரண்டு கோட்டிலும் ஒவ்வொரு துணை இருந்தால் அந்த நாய் பாதுகாப்பு. கீழ்வரியின் நுனிக்கு அடுத்த புள்ளியைப் பாருங்கள்: பக்கவாட்டில் கீழ்வரி நுனி நாய் இருக்கிறது, சாய்கோட்டில் அடிவரி நுனி நாய் இருக்கிறது. தைரியமாக வையுங்கள். இடதும் வலதும் வைத்தால் 12. நடுவரியின் நுனிக்கு அடுத்த புள்ளிக்குப் பக்கத்தில் நடுவரி நுனியும் கீழே இப்போது வைத்த நாயும் துணை. இருபுறமும் வைத்தால் 14. கடைசி நாய் கீழ்வரியின் நடு இரண்டு புள்ளியில் ஒன்றுக்கு. 15உம் இறங்கின, ஒன்றும் வெட்டுப்படவில்லை. புலிகளுக்கு மிஞ்சியிருப்பது 8 புள்ளி. அதில் மூன்றில் அவையே நிற்கின்றன.

காகிதத்தில் ஒரு தளம் கீறி, மேலே சொன்ன வரிசையில் 15 காயையும் வைத்துப் பாருங்கள். உள்ளே வைத்த ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு கோட்டிலும் துணை எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். வாசிப்பதைவிட அது சீக்கிரம் விளங்கும்.

*புலி கீழே வந்து மூலையில் உட்கார்ந்தால் பின்புள்ளியை முதலில் அடையுங்கள்.* நல்ல புலிக்காரர் உங்களை இப்படிச் சும்மா நிரப்ப விடமாட்டார். ஒரு புலியை அடிவரிக்கு இறக்குவார். அது அடிவரி இடது நுனியில் நிற்கிறது என்று வையுங்கள். அதன் பக்கத்துப் புள்ளியில் உடனே நாயை வைத்தால் அதைத் தாண்டி அடுத்த புள்ளியில் இறங்கிவிடும். முதலில் வலது நுனி, அடுத்து அதற்குப் பக்கத்து உள்புள்ளி, அதன் பிறகே புலியின் பக்கத்துப் புள்ளி. புலி பாய்ந்து இறங்கக்கூடிய புள்ளி எதுவோ அதை முன்னமே அடைத்துவிட வேண்டும். அதே போலச் சாய்கோட்டிலும் செய்தால் மூலைப் புலி அங்கேயே அடைபட்டது. வலது நுனி நாயைச் சேர்க்காமல் அந்த வேலைக்கு வெறும் 4 நாய்தான் செலவு. சாய்கோட்டில் வைக்கும்போது மட்டும் மற்ற இரு புலியும் எங்கே நிற்கின்றன என்று ஒரு தடவை கண்ணோட்டம் விடுங்கள்.

*நகர்வு தொடங்கியதும், சும்மா நகர்த்த ஒரு நாயை ஒதுக்கி வையுங்கள்.* 15உம் இறங்கியபின் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு நாயை நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்த நல்ல நாய் இல்லாமல் சுவரைக் கலைத்து வெட்டுக் கொடுப்பவர்கள்தான் அதிகம். மேலே சொன்ன அமைப்பில் கீழ்வரி நடுவில் வைத்த கடைசி நாய்க்கு அந்த வேலையைக் கொடுங்கள். பக்கத்து நடுப்புள்ளிக்குப் போகட்டும், திரும்ப வரட்டும். இரண்டு இடத்திலும் அதற்குத் துணை உண்டு. புலிக்காரர் பொறுமையிழந்து ஒரு புலியைத் தவறான இடத்துக்கு விடும்வரை இப்படியே நேரம் கடத்தலாம்.

*மூன்று புலியையும் மேலேயே அடைக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.* தொடங்கிய இடத்திலேயே, உச்சியிலும் மேல்வரியின் நடுவிலும் மூன்றும் நின்றால் அவற்றை அடைக்க 10 நாய் போதும். மேல்வரியில் மிச்சமுள்ள நாலு புள்ளியும், நடுவரியின் உள்புள்ளி நாலும், கீழ்வரியின் நடு இரண்டும். அப்படியானால் கையில் 5 நாய் மிச்சம். ஒன்றிரண்டு போனாலும் ஆட்டம் போகவில்லை.

நாய்ப் பக்கம்: செய்யக்கூடாதவை

புலிக்குப் பக்கத்தில் போய் நாயை வைக்காதீர்கள். புதியவர்கள் எல்லோருக்கும் வருகிற ஆசை இது: புலியை உடனே மறிக்க வேண்டும். மறிக்கிற நாய்க்குப் பின்னால் ஆள் இல்லையென்றால் அது மறிப்பு இல்லை, விருந்து.

நகர்த்திய நாயை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது விட்டுப்போன புள்ளியைப் பாருங்கள். அந்த நாய் அதுவரை யாருக்குத் துணையாக நின்றது? அது போனதும் யார் தனித்துப்போனார்? நடு ஆட்டத்தில் போகிற நாய்களில் பெரும்பாலானவை நகர்த்திய நாயல்ல, அதன் பக்கத்தில் நின்ற நாய்.

மேல்வரியின் உள்புள்ளிகளுக்கு ஆரம்பத்தில் ஏறவேண்டாம். உச்சிப் புலி அந்த நாலு புள்ளிக்கும் மேலே நிற்கிறது. அங்கே வைக்கும் நாய்க்குக் கீழே நடுவரியிலும் துணை இருந்தால்தான் அது தப்பும்.

இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வெட்டு விழுந்தால் இரண்டையும் காப்பாற்றப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஒன்றை விடுங்கள். எதை விட்டால் புலி ஓரத்துக்குப் போய் இறங்குமோ அதை விடுங்கள்.

வேண்டுமென்றே நாயைக் கொடுத்துப் புலியை மூலைக்கு இழுப்பது நல்ல வித்தை. ஆனால் 10 நாய் இறங்குமுன் அதைச் செய்யவேண்டாம். அடைக்க ஆள் இல்லாத மூலைக்குப் புலியை இழுத்து என்ன பயன்?

புலிப் பக்கம்

புலிக்குச் சொல்ல இருப்பது குறைவு. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு புலியைத் தனியாக அடைக்க எத்தனை நாய் வேண்டும் என்று தெரிந்தால் எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். உச்சியில் நிற்கும் புலியை அடைக்க 8 நாய் வேண்டும். நடுவரியின் நடுப்புள்ளி இரண்டிலும் அதே 8. மூலை எதுவானாலும் 4. அடிவரியின் உள்புள்ளியில் 5.

ஆகவே நடுவரியின் நடுவில் ஒரு புலி எப்போதும் நிற்கட்டும். உச்சியை எளிதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு நாய் அங்கே ஏறிவிட்டால் அதைக் கடைசிவரை வெட்ட முடியாது. மூன்றாவது புலியைச் சீக்கிரமாகக் கீழே அனுப்புங்கள், நாய் முதல் ஆறு புள்ளியைப் பிடித்து முடிக்குமுன். அங்கே நுனியில் குந்தாமல் உள்புள்ளியில் நில்லுங்கள். மூன்று வழி திறந்திருக்கும். நாய் நெருங்குவது தெரிந்ததும் அடைபடுமுன் வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டு நாயை ஒரே நகர்வில் மிரட்டுகிற புள்ளியைத் தேடுங்கள். எதிராளி ஒரு முறைக்கு ஒரு காய்தான் வைக்க முடியும்.

செய்யக்கூடாதவை இரண்டு. ஒன்று, கிடைத்ததையெல்லாம் வெட்டுவது. பாய்ந்து இறங்கும் புள்ளியிலிருந்து திரும்ப வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாயுங்கள். மற்றது, புலிகளை ஒரே ஓரத்தில் சேர்ப்பது. மூன்று புலியும் ஒரு பக்கக்கோட்டில் மேலும் நடுவும் கீழுமாக வரிசையாக நின்றால், பக்கத்தில் மூன்று நாய், அவற்றுக்குப் பின்னால் மூன்று நாய், மொத்தம் 6 நாயில் ஆட்டம் முடிந்தது. எல்லா நாயும் தீரும்வரை ஆடுகிற இடத்தில் 9 நாய் வெட்டியிருந்தாலும் தோல்விதான். புலி பாயும் புள்ளியில் இன்னொரு புலி நின்றாலும் பாய்ச்சல் இல்லை. தன் இனமே தன் வழியை அடைக்கும்.

ஒழுங்கு

பந்தயம் வேண்டாம். காசும் வேண்டாம், தேத்தண்ணிக் காசும் வேண்டாம். தோற்றவர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பேசி ஆடினால் அது சூது. சூதை ஸூரத்துல் மாஇதாவின் 90ஆம் வசனம் விலக்கியிருக்கிறது. இந்த ஆட்டத்தில் பகடையோ தாயக்கட்டையோ இல்லை, எல்லாம் யோசனை என்பதால் மனசாட்சிக்கு இலேசான ஆட்டம் இது. நம் பக்கத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் பகடை ஆட்டத்தையும் யோசனை ஆட்டத்தையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. இமாம் நவவி தம் மின்ஹாஜில் பகடையை ஹராம் என்றும், சதுரங்கத்தை மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்றும், சதுரங்கத்திலும் இரு பக்கமும் பணம் வைத்தால் அது சூது என்றும் எழுதியிருக்கிறார். யோசனை ஆட்டத்திலும் அளவு வேண்டும் என்பதை அந்த மக்ரூஹ் என்ற சொல்லே நினைவூட்டும்.

வாங்கு சொன்னால் எழும்புங்கள். இந்த ஒரு நகர்வு, இந்த ஒரு வெட்டு என்று இழுக்கவேண்டாம். காயை அப்படியே விட்டுவிட்டுப் போய் வரலாம். கோழியும் பிள்ளையும் கலைத்துவிடும் என்ற பயம் இருந்தால் கையடக்கத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். திரும்ப வந்து அந்தப் படத்தைப் பார்த்து அடுக்கலாம், சண்டை வராது.

பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. ‘மச்சான், அங்க வைக்காத’ என்று சொல்லும் ஒரு வார்த்தையில் இரண்டு பேரின் ஆட்டமும் கெட்டுப்போகும். கையால் சாடை காட்டுவதும் அதே குற்றம். சொல்ல ஆசைப்படுபவர் அடுத்த ஆட்டத்துக்கு உட்காரட்டும்.

தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்று பெரியவர்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு ஆடும்போது இந்தச் சட்டத்தைத் தளர்த்தலாம்.

எப்போதும் இரட்டை ஆட்டமாக ஆடுங்கள். ஒரு முறை நீங்கள் புலி, மறுமுறை நாய். இரண்டு ஆட்டமும் முடிந்த பிறகு, புலியாக இருந்தபோது யார் கூடுதலாக வெட்டினார் என்று எண்ணுங்கள். ஒருவர் அடைபடுமுன் 4 வெட்டினார், மற்றவர் 2 வெட்டினார் என்றால் முதலாமவருக்கு வெற்றி. ஒரே ஆட்டத்தோடு எழும்பினால் யார் வென்றார் என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் இரண்டு பேரும் ஆடியது இரண்டு வேறு ஆட்டம்.

பிள்ளைகளுக்குப் பழக்கும்போது

நாய்ப் பக்கத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள், ஆனால் கைவிட்டுவிடாதீர்கள். 7 பாதுகாப்புப் புள்ளியையும் சோக்கால் வட்டமிட்டுக் காட்டுங்கள். ஏன் அங்கே வெட்ட முடியாது என்று நீங்களே சொல்லிவிடாமல் புலியைப் பிள்ளையின் கையில் கொடுத்து வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முயன்று பார்த்து, இறங்க இடம் இல்லை என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். ஒவ்வொரு காயும் வைக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘பின்னுக்கு ஆள் இரிக்கா எண்டு பாத்தியா மகன்?’ கொஞ்ச நாளில் நீங்கள் கேட்காமலே பிள்ளை விரலால் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வைக்கத் தொடங்கும்.

வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கவேண்டாம். பிள்ளைகளுக்கு அது தெரியும், பிடிக்கவும் பிடிக்காது. அதற்குப் பதிலாக உங்கள் புலியை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது பிள்ளை வென்றால் அது உண்மையான வெற்றி.

பெண்பிள்ளைகளை ஒதுக்கவேண்டாம். வீட்டு முற்றத்தில் இதை நன்றாக ஆடுகிறவர்கள் பல இடத்தில் உம்மம்மாமார்தான். வெளியே ஆண்கள் ஆடுவது கண்ணில் படுவதால் இது ஆண்களின் ஆட்டம் என்று ஆகிவிடாது. உங்கள் வீட்டில் ஆடத் தெரிந்த மூத்தவர் ஒருவர் இருந்தால் அவர் எந்தப் புள்ளியில் தொடங்குகிறார், புலியை எங்கே நிறுத்துகிறார், எத்தனை வெட்டில் ஆட்டம் முடிகிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். வீட்டுக்கு வீடு மாறுகிற அந்தச் சட்டங்கள் எந்தப் புத்தகத்திலும் முழுக்க இல்லை. அவை அவர்களிடம் மட்டுமே இருக்கின்றன.

வருகிற பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஈர மணலில் தளத்தைப் பிள்ளையே கீறட்டும், 23 புள்ளியையும் பிள்ளையே எண்ணட்டும். முதல் ஆட்டத்தில் மட்டும் நீங்கள் நாய்ப் பக்கம் எடுங்கள்.